மூவேரிப் பாதையில் தண்ணீர்ப்பந்தல்

அந்த மலையில் கோடைச் சனிக்கிழமைகளில் மூவாயிரம் பேர் நடந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்னொருவரைக் கண்டதில்லை.

அந்த ஏற்பாட்டுக்குத் தனிவழி என்று பெயர். சுவிட்சர்லாந்தின் அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு கோடைகளாக அது நடந்துவந்தது. கம்பிவண்டியில் மலையுச்சிக்கு ஏறும்போதே ஒவ்வொருவர் கையிலும் ஒரு காப்பு மாட்டப்படும். பிறகு இறங்கி நடக்கும் வழியெல்லாம் காதில் ஒரு குரல் மென்மையாகச் சொல்லிக்கொண்டு வரும். 'இங்கே நான்கு நிமிடம் உட்காருங்கள். இடப்பக்கம் ஏரி தெரிகிறது.' நீங்கள் உட்கார்ந்த அந்த நான்கு நிமிடத்தில் முன்னால் போனவர் வளைவுக்கு அப்பால் மறைந்துவிடுவார். பின்னால் வருபவரை அவருடைய குரல் ஏதோ ஒரு லார்ச் மரத்தடியில் நிறுத்தி வைத்திருக்கும். நாற்பது பாதைகளிலும் இப்படியே. நடப்பவர் ஒவ்வொருவருக்கும் காடும் ஏரியும் தனக்காகவே படைக்கப்பட்டவைபோலத் தோன்றும். கூட்டத்தில் நசுங்கி வாழ்ந்த மக்கள் அதை விரும்பினார்கள். விரும்பியதில் குற்றம் இல்லை. கடவுளை நினைக்கவும் மனிதனுக்குச் சற்றுத் தனிமை வேண்டும்.

ஆனால் பாதைகள் தாமாகச் சீராவதில்லை. பனி உருகும்போது கல் புரளும், மண் சரியும், பாலத்துப் பலகை இற்றுப்போகும். மூவேரிப் பாதையில் அவற்றைச் சரிசெய்தவர் யசோதினி. வயது ஐம்பத்திரண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து தாயின் இடுப்பில் வந்தவர். மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி என்று மூன்று நீர்நிலைகளையும் தொட்டு இறங்கும் அந்தப் பாதையில் நானூற்றுப் பன்னிரண்டு கற்படிகள் இருந்தன. எல்லாம் அவர் அலவாங்கால் நெம்பி, சம்மட்டியால் தட்டி உட்கார வைத்தவை. ஒரு படிகூட ஆடாது. குதிகால் வைக்கும் இடத்தில் மழைத் தண்ணீர் தேங்காது. இந்த இரண்டையும் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்தக் கர்வத்தை மட்டும் முருகன் மன்னிப்பான் என்று அவர் நம்பினார்.

நடப்பவர் எவர் கண்ணிலும் அவர் படக்கூடாது என்பது வேலையின் முதல் விதி. யாராவது நெருங்கினால் யசோதினியின் மேற்சட்டை இரண்டு நிமிடம் முன்னதாகவே அதிரும். உடனே பாறைக்குப் பின்னால் போய்விட வேண்டும். காலடி கடந்த பிறகே வெளியே வரலாம். மூன்று தடவை யாராவது கண்டுவிட்டால் பாதை பறிபோகும். யசோதினியை ஏற்கெனவே இரண்டு தடவை கண்டுவிட்டார்கள். ஒரு தடவை பாறைக்குப் பின்னால் தும்மிவிட்டார். இன்னொரு தடவை, எதிரே திடீரென்று வந்த ஒரு பெண்மணிக்குப் பழைய வழக்கப்படி வணக்கம் சொல்லிவிட்டார். தனிவழி வருவதற்கு முன்பு அந்த மலைகளில் எதிர்ப்பட்ட எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொல்வார்கள். முன்பின் தெரியாதவருக்கும்கூட. வாய் அதை மறக்கவில்லை.

ஆவணி மாதத்து அந்தச் சனிக்கிழமை, பள்ளத்தாக்கிலுள்ள முருகன் கோயிலில் தேர். பதினைந்து வயதிலிருந்து ஒவ்வொரு தேரன்றும் தண்ணீர்ப்பந்தலில் நின்று மோர் வார்த்தவர் யசோதினி. இந்த வருடம் விடுமுறை கிடைக்கவில்லை. காலை ஆறு மணிக்கே பன்னிரண்டு லீட்டர் மோரை முதுகில் சுமந்துகொண்டு நடு ஏரிக்கு ஏறிவிட்டார். ஊற்றுத் தண்ணீர் விழுகிற மரத்தொட்டியில் பானையை இறக்கினார். பன்னிரண்டு சில்வர் பேணிகளைக் கவிழ்த்து வைத்தார். ஓர் அட்டையில் ஜெர்மன் மொழியில் எழுதினார்: 'இன்று எங்கள் தேர்த்திருவிழா. மோர் குடித்துவிட்டுப் போங்கள்.'

நான் கண்ணில் படக்கூடாது என்றுதானே விதி, மோர் படக்கூடாது என்று எங்கும் எழுதவில்லையே என்று சொல்லிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார்.

பத்து மணியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சிலர் அட்டையைப் பார்த்துவிட்டுக் கடந்தார்கள். சிலர் குடித்துவிட்டு, பேணியை ஊற்றில் கழுவிக் கவிழ்த்துவிட்டு நடந்தார்கள். ஒரு வாலிபன் இரண்டாவது பேணியும் குடித்தான். பாறைக்குப் பின்னாலிருந்த யசோதினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

பன்னிரண்டு மணிக்கு எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பழைய தோல் சப்பாத்து. மோரைக் குடித்தார். இருமினார். மறுபடி குடித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பானையைச் சற்றுத் தூக்கி அடியில் பார்த்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். அந்த மலைகளில் இடையர்கள் பாலும் பாற்கட்டியும் ஆளில்லாமல் வைத்துவிட்டுப் போவதுண்டு. பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், எடுத்தவர் அதில் காசு போடுவார். அவர் தேடியது அந்தப் பெட்டியை. இல்லை என்று கண்டதும் தொட்டிக்கு எதிரே ஒரு கல்லில் நேராக உட்கார்ந்தார். இதை வைத்தவர் எப்படியும் வருவார், வந்ததும் கொடுக்கலாம் என்று கைகளை முழங்காலில் வைத்துக் காத்திருந்தார்.

அரை மணி நேரம் போயிற்று. யசோதினிக்குக் கால் மரத்தது. காதுக்கருவிக்குள் தம்பியின் குரல் வெடித்தது.

"அக்கா! நடு ஏரியடியில என்ன நடக்குது?"

தம்பி கேதாரன் கீழே தனிவழியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தான். நாற்பது பாதைகளும் அவன் திரையில் ஓடும். அந்தக் கதிரையில் உட்கார்ந்த முதல் தமிழன் அவன்தான். கோயிலில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

"ஒண்டும் நடக்கேல்ல" என்றார் யசோதினி மெல்லிய குரலில். "ஒரு ஐயா இருக்கிறார்."

"அது எனக்கும் தெரியுது. முப்பத்தொரு நிமிசமா இருக்கிறார். காப்பு பத்துத் தரம் எழும்பச் சொல்லியாச்சு. ஆள் அசையிறார் இல்லை. ஏன்?"

"மோர் குடிச்சவர்."

"என்ன குடிச்சவர்?"

"மோரடா. தேருக்கு வச்சனான். பாவம், நல்ல மனுசன். ஆரெண்டு தெரியாமல் போக மனமில்லாமல் இருக்கிறார்."

காதில் கதிரை பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது.

"அக்கா, உங்களுக்கு விசரே? இந்த மெசின் எல்லாத்தையும் கணக்குப் பண்ணும். சனம் எங்க படம் எடுக்கும், எங்க சப்பாத்து நாடா கட்டும், எல்லாம் அதுக்குத் தெரியும். ஆரும் சும்மா மோர் குடுப்பினம் எண்டு அதுக்குத் தெரியாது."

"அப்ப அதுக்குச் சொல்லிக் குடன்."

"பகிடி விடாதேங்கோ. அவருக்குப் பின்னால வாற ஒருத்தரையும் அது விடேல்ல. எல்லாரையும் இருந்த இருந்த இடத்தில நிப்பாட்டி வச்சிருக்கு. ஒன்பது பேர் கத்திமுகட்டில நிக்கினம்."

யசோதினி தலையைத் திருப்பி மேலே பார்த்தார். மேல் ஏரிக்கும் நடு ஏரிக்கும் இடையில் கத்திமுகடு நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் சரிவு. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதற்கு அப்பால் மேற்கே வானம் இருந்த நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து விசிலடித்துக்கொண்டு திரிந்த மர்மோட்டு என்ற பருத்த மலையணில்களில் ஒன்றையும் காணவில்லை. ஏரி காற்றில்லாமல் எண்ணெய்போல் கிடந்தது.

"தம்பி, இடி எத்தினை மணிக்கெண்டு போட்டிருக்கு?"

"மூண்டு மணிக்கு."

"ஒண்டரைக்கு முந்தியே வரும்."

"அக்கா, உபகிரகம் மூண்டு எண்டு சொல்லுது."

"உபகிரகம் இஞ்ச வந்து நிக்கேல்லயே. நான் பதினெட்டு வருசமா நிக்கிறன்."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் மாறியிருந்தது. "இப்ப அந்த ஐயா எழும்பிப் போனாலும் சரிவராது. ஒராளுக்கும் மற்றாளுக்கும் எட்டு நிமிச இடைவெளி. ஒன்பது பேரையும் இறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல வேணும். அவசரநிலை எண்டு அறிவிச்சாத்தான் எல்லாரையும் ஒண்டாய் விடும். அதுக்கு மேலிடம் சம்மதிக்க வேணும். மூண்டு மணிக்குத்தானே இடி, ஏன் இப்பவே அறிவிக்கிறாய் எண்டு கேப்பினம்."

"அந்தச் சனத்துக்கு நீ சொல்ல ஏலாதே, எழும்பி ஓடச் சொல்லி?"

"நான் சொல்லுறது காப்புக்குள்ளாலதான் போகும். ஒராள் மற்றாளைக் காணவைக்கிற ஒரு கட்டளையையும் அது விடாது. 'முன்னால ஆக்கள் இருக்கினம்' எண்ட வசனத்தையே அது சொல்லாது. அந்தச் சொல்லையே அதுக்குள்ள வைக்கேல்ல."

யசோதினி பாறையில் நெற்றியைச் சாய்த்தார். நல்லது என்று நினைத்துச் செய்த காரியம் ஒன்பது பேரை முகட்டில் கட்டிப்போட்டுவிட்டது. தான் புண்ணியம் என்று சுமந்து வந்த பன்னிரண்டு லீட்டர் இப்போது நெஞ்சில் கனத்தது. வெளியே போவதா என்ற ஒரே கேள்விதான் மிச்சம் இருந்தது. அதற்கும் விடை அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே போனால் பாதை போய்விடும். போகாவிட்டால் என்ன போகும் என்று சொல்ல முடியாது.

"முருகா" என்று சொல்லிக்கொண்டு பாறைக்கு முன்னால் வந்தார்.

கல்லில் இருந்த பெரியவர் துள்ளி எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். "வணக்கம்!" என்றார். அந்தச் சொல்லைக் கன நாளாகப் பாவிக்காததுபோல் குரல் உடைந்தது. "இதை வைத்தது நீங்களா? பெட்டியைத் தேடினேன். காணவில்லை."

"பெட்டி இல்லை, ஐயா. இது விற்கிற மோர் இல்லை."

"விற்கிறது இல்லையா? அப்படியானால் எதற்கு?"

"தாகத்துக்கு."

அவர் அதை ஒரு சட்டப் பிரிவைப்போல மனதுக்குள் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "உள்ளே என்ன போட்டீர்கள்? என் காது இன்னும் எரிகிறது."

"பச்சை மிளகாய். பிறகு விளங்கப்படுத்துகிறேன். இப்போது எனக்கு உங்கள் உதவி வேண்டும்." யசோதினி வேகமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் முகட்டில் ஒன்பது பேர் இருப்பதாகவும், இடி வரப்போவதாகவும், எல்லோரையும் உடனே கீழே இறக்க வேண்டும் என்றும். பெரியவர் முகட்டைப் பார்த்தார். அங்கே ஒருவரும் தென்படவில்லை.

"ஒன்பது பேரா? நான் இந்த மலையில் தனியாக அல்லவா இருந்தேன்?"

"இல்லை ஐயா. நீங்கள் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை."

அவர் பெயர் ஹான்ஸ்-பேட்டர். வரித் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேறு கேள்வி கேட்கவில்லை. கைத்தடியை எடுத்தார்.

காதில் கேதாரன் மறுபடி வந்தான். "அக்கா, ஒரு வழி கிடக்கு. தாய் தகப்பன் பிள்ளையள் எண்டு குடும்பமா வாறவை திரையில ஒரு புள்ளிதான். குழுவெண்டா எவ்வளவு பேரும் ஒண்டாய் நடக்கலாம். இவை எல்லாரையும் ஒரு குழுவாப் பதிஞ்சால் மெசின் விட்டிடும். ஆனால் ஒவ்வொருத்தரும் தன்ர வாயால காப்பில சொல்லவேணும், குழுத்தலைவர் ஆரெண்டு."

"ஆற்ற பெயரைச் சொல்லுறது?"

"காப்பில்லாத ஆள்தான் சுகம். ஏற்கெனவே ஒரு பதிவும் இராது. உங்கட பெயரைச் சொல்லச் சொல்லுங்கோ. முழுப்பெயர். உங்களைக் கண்டாச்சு. இனி மறைச்சு என்ன?"

யசோதினி படியேறத் தொடங்கினார். தான் இட்ட படிகளில் அவர் அன்றுதான் முதன்முதலாக ஓடினார். ஒன்றும் ஆடவில்லை.

லார்ச் மரங்களுக்கடியில் ஒரு தாயும் ஏழு வயது மகளும் இருந்தார்கள். மகள் கூம்புக் காய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். யசோதினியைக் கண்டதும், "அம்மா, ஓர் ஆள்!" என்று கத்தினாள். மானைக் கண்டால் கத்துவதுபோல. அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு மேலே போனார். முகட்டின் முதல் பாறைக்குப் பின்னால் ஓர் இளம்பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஐம்பது நிமிடமாகக் காப்பு அவளிடம், 'அமைதியாக ஓய்வெடுங்கள், காட்சி அழகாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. தூரத்தில் ஓர் உறுமல் கேட்டபோதும் அதையே சொன்னது.

"வணக்கம், பிள்ளை" என்றார் யசோதினி. அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது.

மொழி விளங்காமலே அந்தப் பெண் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்கே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்தேன்."

"அந்த வளைவுக்கு அப்பால் ஒருத்தர் இருக்கிறார். அவருக்கு அப்பால் இன்னொருத்தர். நீங்கள் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்."

"கூப்பிடலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை" என்றாள் அவள்.

கீழே வந்த பிறகும் யசோதினியால் அந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை. முன்பெல்லாம் மலையில் வணக்கம் என்பது வெறும் மரியாதை மட்டுமல்ல. 'மேலே எப்படி இருக்கிறது?' என்பது அதன் அடுத்த வாக்கியம். பாலம் உடைந்திருக்கிறது, பனி இன்னும் கிடக்கிறது, மாடு வழிமறித்து நிற்கிறது, மேகம் இறங்குகிறது. இறங்குபவர் ஏறுபவருக்குச் சொல்வார். ஒருவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்கு மலை முழுவதும் செய்தி நடந்துபோகும். அந்த வழக்கத்தை மூடியபோது யாரும் அழவில்லை. அமைதி வந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

யசோதினி பாறை பாறையாகப் போனார். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் ஒரு முகம். தடித்த ஒரு மனிதர் தான் கனவு காண்பதாக நினைத்தார். இரட்டையர்போல் உடுத்திருந்த ஒரு தம்பதி சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு மனித முகத்தைக் கண்டதும் வெட்கப்பட்டு நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் காப்பை வாயருகே வைத்து அவர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார்கள். "குழுத்தலைவர்: யசோதினி நடேசலிங்கம்." சுவிஸ் நாக்குகளில் நடேசலிங்கம் பல வடிவம் எடுத்தது. காப்பு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது.

"உறவு என்ன என்று கேட்கிறது" என்றார் தடித்த மனிதர். "என்ன சொல்ல?"

யசோதினி காதுக்கருவி வழியே தம்பியிடம் கேட்டார். "சொந்தம் எண்டு போடச் சொல்லுங்கோ" என்றான் அவன். அதற்குள் பின்னாலிருந்து இளம்பெண் சொல்லிவிட்டாள்: "என் கையைப் பிடித்து இறக்குகிறார். சொந்தம் என்றுதானே சொல்ல வேண்டும்?"

முகட்டிலிருந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். கைத்தடியோடு பாதி வழி வந்து நின்ற ஹான்ஸ்-பேட்டர், ஈரப்படி இருக்கும் இடங்களில் ஒவ்வொருவரையும் எச்சரித்து இறக்கினார். நடு ஏரிக்கரையில் மாடுகளுக்கான ஒரு கல்கொட்டில் இருந்தது. கடைசி ஆள் உள்ளே கால் வைத்தபோது மணி ஒன்று இருபத்தாறு. ஏரி முழுவதும் திடீரென்று வெண்மையாகக் கொதித்தது. ஆலங்கட்டி. அதற்குப் பிறகு விழுந்த இடியில் கொட்டிலின் கதவு தானாகத் திறந்தது. கத்திமுகட்டில், அந்தப் பெண் அழுதுகொண்டிருந்த பாறையின்மேல், நீல நிறத்தில் ஒரு கோடு இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள்.

முதலில் பேசியது அந்தச் சிறுமி. "அந்த வெள்ளைத் தண்ணீர் இன்னும் இருக்கிறதா?"

மோர்ப் பானையை ஹான்ஸ்-பேட்டர் மறக்காமல் உள்ளே கொண்டுவந்திருந்தார். இருந்த பேணிகளை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். முதல் வாய்க்கே தடித்த மனிதர் கண்ணில் நீர் வந்தது.

"இதைக் குடித்துவிட்டா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று அவர் ஹான்ஸ்-பேட்டரிடம் கேட்டார்.

"மருந்து என்று நினைத்தேன்" என்றார் அவர். கொட்டில் முழுவதும் சிரித்தது. வெளியே மழை கொட்டியது. கோயிலில் இந்நேரம் தேர் வீதி சுற்றி இருப்பிடத்துக்கு வந்திருக்கும் என்று யசோதினி நினைத்தார். தன் பந்தலிலும் கூட்டம் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. எல்லோரும் ஒன்றாகவே இறங்கினார்கள். கீழே வாசலில் ஒரு திரை இருக்கும். வெளியேறும் ஒவ்வொருவரிடமும் அது ஒரே கேள்வியைக் கேட்கும்: 'இன்று மலையில் உங்களுக்குத் தெரியாத எவரையாவது கண்டீர்களா?' அந்த விடைகளைக் கொண்டுதான் பராமரிப்பாளர்கள்மேல் குற்றம் பதிவாகும். இதைக் கேதாரன் காதில் சொல்ல, யசோதினி மற்றவர்களுக்குச் சொன்னார். மறைக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இளம்பெண்ணும் தம்பதியும் தாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர்பின் ஒருவராகத் திரையின் முன் போய் 'இல்லை' என்று தொட்டார்கள்.

ஹான்ஸ்-பேட்டர் கடைசியாகப் போனார். அவர் விரல் திரைக்கு முன்னால் வெகுநேரம் நின்றது. பிறகு 'ஆம்' என்று தொட்டார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சாம்பலாயிருந்தது. "மன்னியுங்கள். நான் மேலே உங்களைக் கண்டபோது நீங்கள் எனக்குத் தெரியாதவர்தான். குழு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. முப்பது வருடம் மற்றவர்கள் எழுதிய பொய்களைத் தேடிப் பிடித்தவன் நான். என்னால் முடியவில்லை."

நானூற்றுப் பன்னிரண்டு படிகளும் ஒரு கணம் யசோதினியின் கண்முன் வந்து போயின. ஆனாலும் அவர் கைகூப்பினார். "ஐயா, நான் அந்த மோரை முருகன் பெயரால் வைத்தேன். அவன் பெயரால் வைத்ததற்காக நீங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால், எனக்குப் பாதை மிஞ்சியிருக்கும், மோர் புளித்திருக்கும்."

அடுத்த புதன்கிழமை வேலை போயிற்று. மூவேரிப் பாதைக்கு எரித்திரியாவைச் சேர்ந்த தெஸ்பாய் என்ற இளைஞரைப் போட்டார்கள். யசோதினி தன் அலவாங்கை அவரிடம் கொடுத்து, எந்தப் படியின் கீழ் தண்ணீர் ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பிறகு பள்ளத்தாக்கிலுள்ள முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்தார். கேதாரனை மேலிடம் எச்சரித்தது. இடி ஒன்று முப்பதுக்கு விழுந்தது பதிவாகியிருந்ததால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தக் குழுவை ஒருத்தரும் கலைக்கேல்ல."

"எந்தக் குழு?"

"உங்கட குழு. அண்டைக்குப் பதிஞ்சது. போன சனிக்கிழமை ஹான்ஸ்-பேட்டர் ஐயா அதே பெயரைச் சொல்லிக்கொண்டு ஏறினார். மற்றவையும் வந்தினம். முப்பத்தேழு பேர் ஒண்டாய் நடந்தினம். திரையில ஒரே புள்ளி."

"முப்பத்தேழோ? நாங்கள் பதின்மூண்டு பேர்தானேடா?"

"ஐயா தன்ர ஊர்ப் பேக்கரியில ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். 'தனியாக நடக்க மனமில்லாதவர்கள் காப்பில் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்' எண்டு. உச்சரிப்பையும் பிரிச்சுப் பிரிச்சு எழுதியிருக்கிறார். ந-டே-ச-லிங்-கம்."

"கடவுளே. நீ அதை நிப்பாட்டாமல் பாத்துக்கொண்டே இருக்கிறாய்?"

"என்னத்துக்கு நிப்பாட்ட? விதியில ஒண்டும் பிழையில்லையே. குழுவுக்கு இவ்வளவு பேர்தான் எண்டு எங்கையும் எழுதேல்ல." அவன் குரலில் அக்காவின் குரல் இருந்தது. அவனுக்கே அது தெரிந்திருக்க வேண்டும், சிரித்தான்.

செப்டெம்பரில் குழு பெருகியது. பாதைகள் சேருமிடங்களில் நின்று பேசினார்கள். எதிர்ப்பட்டவருக்கு வணக்கம் சொன்னார்கள். மேலே எப்படி என்று கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை யாரோ பாறையின் பக்கம் திரும்பி, "தெஸ்பாய், நீங்களும் எங்கள் குழுதான், வெளியே வாருங்கள்" என்று கூப்பிட, அவர் அலவாங்கோடு வெளியே வந்தார் என்று கேள்வி. தனிமை வேண்டியவர்கள் செவ்வாயும் புதனும் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு குறையும் இல்லை.

பனிக்காகப் பாதைகளை மூடுவதற்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை மாலை. முதியோர் இல்லத்தில் யசோதினி இராச்சாப்பாட்டுக்கு முட்டைக்கோவா அரிந்துகொண்டிருந்தார். கேதாரன் கூப்பிட்டான்.

"அக்கா, கையில கத்தி இருந்தா கீழ வையுங்கோ."

"ஏன்டா, என்ன?"

"இண்டைக்கு நாற்பது பாதையிலயும் ஏறின சனம் முழுக்க ஒரே பெயரைத்தான் சொல்லியிருக்கினம். ஒராள் விடாமல். எனக்குத் திரையில ஒண்டும் செய்ய வேலையில்லை. ஒரே ஒரு புள்ளி, மலை அளவுக்கு. இப்பதான் மெசின் இண்டைய அறிக்கையை அடிச்சது. மேலிடத்துக்கும் போயிட்டுது. வாசிக்கட்டே?"

"வாசி."

அவன் தொண்டையைச் செருமினான். கோயிலில் பொன்னாடை போர்த்தியபோதுகூட அவன் அப்படி நிமிர்ந்து பேசியதில்லை.

"'இன்று மலையில் நடந்த குழுக்கள்: ஒன்று. உறுப்பினர்: மூவாயிரத்து அறுபத்தெட்டு. தெரியாத எவரையேனும் கண்டோர்: எவரும் இல்லை. தனிவழி தொடங்கிய நாளிலிருந்து குறைபாடே இல்லாத முதல் நாள் இது.'" அவன் நிறுத்தினான். "இன்னும் ஒரு வரி கிடக்கு."

"சொல்லு."

"'குழுத்தலைவர்: யசோதினி நடேசலிங்கம்.'"